புதுப்பிப்பு: படிவத்தில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்த பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. புதிதாக வாசிப்பவர்களுக்கு: இது வன்னியில் காலபோக நெல்லுக்கு விவசாயிகள் பதியும் இணையப் படிவம். யாரும் ஸ்கிரிப்ட் (உலாவியில் ஓடும் நிரல்) நுழைக்காமல் இருக்க, எழுத்துகளை மட்டும் உள்ளே விடும் ரெகெக்ஸ் (எழுத்து வடிவங்களைப் பொருத்திப் பார்க்கும் விதி) வடிகட்டி ஒன்று இருந்தது. அது 'கிளிநொச்சி'யை 'களநசச' ஆக்கியது.

கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிக்கோடில் க, ள எல்லாம் எழுத்து வகை. புள்ளியும் விசிறி, கொம்பு, காலும் குறி வகை. குறி வகையையும் அனுமதிக்கச் சொன்ன தம்பியின் யோசனையில் பெயர்கள் உடனே சரியாகின. ஆனால் உண்மையான பாதுகாப்பு, 'வரும்போது வெட்டாதே, காட்டும்போது எஸ்கேப் செய்' என்று அக்கா ஒருவர் சொன்னதில்தான் கிடைத்தது. எஸ்கேப் என்றால் < போன்ற குறிகளை, நிரலாக ஓடாமல் வெறும் எழுத்தாகத் தெரியும்படி மாற்றுவது. தரவுத்தளத்துக்குப் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (கட்டளையையும் தரவையும் பிரித்து அனுப்பும் முறை), பக்கத்தில் காட்ட எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் (எஸ்கேப் செய்யும் பிஎச்பி நிரல்மொழிச் செயற்கூறு). இப்போது பெயரில் ஸ்கிரிப்ட் டேக் போட்டாலும் அது வெறும் எழுத்தாகத்தான் தெரிகிறது, ஓடுவதில்லை. வடிகட்டியை எடுத்தே விட்டேன், நீள வரம்பு மட்டும் உண்டு. கிராமம் பட்டியலில் உள்ளதா என்று சேவரிலும் பார்க்கிறேன். உலாவியில் மட்டும் பார்ப்பது வேலியில்லா வளவுக்குப் படலை பூட்டுகிற மாதிரி.

எதிர்பாராதது: பிஎச்பி 8.1க்கு முந்திய பதிப்புகளில் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் ஒற்றை மேற்கோளைத் தானாக எஸ்கேப் செய்யாது. எங்கள் சேவர் பழையது, எனவே அதையும் மாற்றச் சொல்லும் கொடியை (அமைப்பை) நாமே கொடுக்க வேண்டியிருந்தது. அப்புறம், 'நொ'வின் ஒகரக் குறியைச் சில கைபேசிகள் ஒரே குறியாகவும் சில இரண்டாகவும் அனுப்பியதால் ஒரே ஊர் இரண்டாகப் பதிந்திருந்தது. என்எஃப்சி நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீடுகளை ஒரே வடிவாக்குவது) போட்டதும் சரி.

முன்பே வெட்டுப்பட்ட பெயர்களைக் கடதாசிப் படிவம் பார்த்துத் திரும்ப அடிக்கிறோம்.