உறை போட்ட சூரியகாந்தி விதை நன்றாக முளைக்கிறது, திறந்து விட்டது குறைவாக முளைக்கிறது. எங்கே தவறினேன்?

கரிசல்மண்:
வணக்கம். தாவரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். தேனீ வராவிட்டால் சூரியகாந்தியில் விதை எவ்வளவு குறையும் என்பதுதான் என் புராஜெக்ட். எங்கள் காட்டில் 10 செடிகள் எடுத்தேன். 5 கொண்டைகளுக்கு (பூத்தலைகளுக்கு) பூ விரியும் முன்பே மஸ்லின் பை கட்டினேன். 5 கொண்டைகளைத் திறந்தே விட்டேன்.

திறந்ததில் கொண்டைக்குச் சராசரியாக 820 நிறைவிதை. உறை போட்டதில் 140தான், மற்றதெல்லாம் சாவி, அதாவது உள்ளே பருப்பில்லாத வெற்று விதை. இதுவரை சரி. ஆனால் நூறு விதை எடை திறந்ததில் 4.1 கிராம், உறை போட்டதில் 5.6. முளைப்புத்திறனும் திறந்ததில் 68 சதவீதம், உறையில் 87! தன் மகரந்தத்தில் பிடித்த விதை எப்படி இவ்வளவு நன்றாக முளைக்கும்? மூன்று வாரத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். கை ஓடவில்லை.

விதைப்பை:
தம்பி, இரண்டு வகையையும் ஒரே நாளில் முளைக்கப் போட்டீர்களா? அறுவடைக்கு எத்தனை நாள் கழித்து?

கரிசல்மண்:
இல்லை அக்கா. திறந்ததை அறுவடை முடிந்து 12ஆம் நாள் போட்டேன். நடுவில் தேர்வு வந்துவிட்டது. உறை விதையைப் போடும்போது 60 நாள் ஆகியிருந்தது.

விதைப்பை:
அதுதான் காரணமாக இருக்க வேண்டும். புதிதாக அறுத்த சூரியகாந்தி விதைக்கு உறக்கம் உண்டு, அதாவது உயிர் இருந்தும் முளைக்காமல் கிடக்கும், ரகத்தைப் பொறுத்து ஒன்றரை மாதம்கூட நீடிக்கும். நீங்கள் ஒப்பிட்டது மகரந்தச் சேர்க்கையை இல்லை, விதையின் வயதை.

முளைக்காமல் கிடந்த விதைகளை எடுத்து வைத்திருக்கிறீர்களா? விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உறங்குகிற விதை. கொழகொழவென்று நசுங்கினால் செத்தது. இந்த இரண்டையும் "முளைக்காதவை" என்று ஒரே கட்டத்தில் எழுதிவிடாதீர்கள், தனித்தனியாக எண்ணுங்கள்.

இப்போது இரண்டு வகையையும் விதை உறக்கத்தைக் கலைக்கும் எத்ரல் மருந்துக் கரைசலில் (25 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 25 பங்கு) 48 மணி நேரம் ஊறவைத்து, ஒரே நாளில், ஈரத்தாள் சுருளில் போடுங்கள். 4ஆம் நாள் முதல் எண்ணிக்கை, 10ஆம் நாள் கடைசி. மூன்று வாரம் தாராளமாகப் போதும்.

தேன்பெட்டி:
எடை விஷயத்தை நான் சொல்கிறேன். நானே சூரியகாந்திக் காட்டில் தேனீப் பெட்டி வைப்பவன். ஒரு கொண்டையில் 140 விதைதான் பிடித்தது என்றால் செடி தயாரிக்கும் உணவு முழுவதும் அந்த 140க்கே போகும். அதனால் விதை தடிக்கும். வீட்டில் பிள்ளை குறைந்தால் தட்டு நிறைவது போல. அது மகரந்தத்தின் தரத்தைக் காட்டாது.

இன்னொன்று. பை கட்டினால் தேனீ மட்டும் தடைபடுவதில்லை. வெயிலும் காற்றும் குறையும், உள்ளே ஈரம் நிற்கும். எனவே அடுத்த முறை மூன்றாவது வகை ஒன்று கட்டாயம் வேண்டும்: பை கட்டி, காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் பையைக் கழற்றி, வேறு செடியின் மகரந்தத்தை மெல்லிய துணியால் தடவி, மறுபடி கட்டுவது. சிறுபூக்கள் வெளிவட்டத்திலிருந்து உள்ளே ஒரு வாரத்துக்கும் மேலாக விரியும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் தடவ வேண்டும். அதில் விதை நிறையப் பிடித்தால் குறை பையில் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

கரிசல்மண்:
மிக்க நன்றி ஐயா, அக்கா. பழைய சுருளைப் பிரித்தேன். திறந்த வகையில் முளைக்காததில் பெரும்பாலானவை கெட்டியாகத்தான் இருந்தன. எத்ரல் போட்டு மறுபடி சோதித்ததில் திறந்தது 86, உறை 88. அப்படியானால் தன்மகரந்தச் சேர்க்கையால் கெடுதல் இல்லை என்று எழுதலாமா?

விதைப்பை:
அவசரப்படாதீர்கள். முளைப்புச் சதவீதம் நிறைவிதையை மட்டுமே பார்க்கிறது. சாவியாகப் போன சிறுபூக்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. இரண்டையும் பெருக்குங்கள்: திறந்த கொண்டையிலிருந்து 705 நாற்று, உறையிலிருந்து 123. அறிக்கையில் இந்த எண்தான் முதலில் நிற்க வேண்டும்.

தன் மகரந்த விதையின் பலவீனம் பல செடிகளில் முளைக்கும்போது தெரியாது, வளரும்போதுதான் தெரியும். 1876இல் டார்வின் வெளியிட்ட சோதனைகளைப் பாருங்கள். இரண்டு வகை விதைகளையும் ஈரமணலில் முளைக்கவைத்து, ஒரே நேரத்தில் முளைத்தவற்றை ஜோடி சேர்த்து, ஒரே தொட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நட்டார். எது முந்தி முளைத்தது என்ற வித்தியாசம் உயரத்தில் கலந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தார். உங்கள் சுருளில் முளைத்ததையும் அதே மாதிரி நட்டு, உயரம் அளந்து பாருங்கள்.

கரிசல்மண்:
செய்கிறேன் அக்கா. கடைசியாக ஒரு சந்தேகம். வகைக்கு 400 விதை போட்டேன். மாதிரி எண்ணிக்கை 400 என்று போடலாமா?

விதைப்பை:
கூடாது. பை கட்டியது கொண்டைக்கு, விதைக்கு இல்லை. ஒரு கொண்டையின் விதைகளெல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். உங்கள் எண்ணிக்கை 5தான். எந்த விதை எந்தக் கொண்டையுடையது என்று குறித்து வைத்திருந்தால் கொண்டைவாரியாகச் சதவீதம் போடுங்கள்.

கரிசல்மண்:
குறித்து வைத்திருக்கிறேன், விதை போட்டு வைத்த ஒவ்வொரு கவரிலும் கொண்டை எண் இருக்கிறது. இன்று இரவே திருத்தி எழுதுகிறேன்.