கடைக்குறையா, துண்டிப்பா?

வணக்கம்.

நாம் தமிழாக்கும் எச்சரிக்கை மேலாண்மை மென்பொருளில் (ஆபத்துச் செய்திகளை மக்களுக்கு அனுப்ப உதவுவது), கட்டத்தில் இடம் போதாமல் பாதியில் நின்று முப்புள்ளியோடு தெரியும் வாசகத்துக்கு, அதாவது ஆங்கிலத்தில் ‘truncated text’ என்பதற்கு, ‘துண்டித்த உரை’ என்று நம் குழுவின் அண்ணாச்சி எழுதியிருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. துண்டிப்பு என்றால் நம்மூரில் கரண்ட் போவது, இல்லையென்றால் லைன் போவது. ‘துண்டித்த எச்சரிக்கை’ என்று திரையில் பார்ப்பவர், செய்தி போய்ச் சேரவே இல்லை என்றுதான் நினைப்பார்.

குமரி மாவட்டத்துக் கடலோர ஊரான முட்டத்தில் படகுக்காரர்களுக்குச் செய்தி அனுப்பும் ஒரு தம்பியோடு உட்கார்ந்து, இந்த வாசகத்தை வைத்துப் பார்த்தேன்:

‘கன்னியாகுமரி கடற்பகுதியில் பலத்த காற்று. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’

கணினிக் கணக்கில் இது 76 குறிகள். ‘ல்’ நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடுக்கு லகரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு. ஒரு தமிழ்க் குறுஞ்செய்தியில் 70 குறிதான் அடங்கும். அதோடு வெட்டினால் ‘செல்ல வே’ என்று நிற்கிறது. நீண்ட செய்தியை இரண்டாகப் பிரித்து அனுப்பினால் ஒரு பகுதிக்கு 67 குறி. முதல் பகுதி சரியாக ‘கடலுக்குச் செல்ல’ என்று முடிகிறது! 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலைப் பார்த்தவர்களுக்கு அந்த ‘வேண்டாம்’ எவ்வளவு பெரிய சொல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் இரண்டு நிலை உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைக்கக் கூடாது. ஒன்று, வாசகம் உள்ளே முழுதாக இருக்கிறது, பட்டியலில் மட்டும் வால் தெரியவில்லை. இதற்கு ‘கடைக்குறை’ என்கிறேன். நன்னூல் இலக்கணம் படித்தவர்களுக்குப் பழகிய சொல்; ஒரு சொல்லின் கடைசிப் பகுதி குறைந்து நிற்பது. ‘நீலம்’ என்பது ‘நீல்’ என்று நின்றாலும் பொருள் நீலமே. இங்கும் சுட்டியை மேலே கொண்டுபோனால் முழு வாசகம் வந்துவிடும்.

மற்றது, வால் நிசமாகவே போய்விட்டது. திருத்தப் போனால் பெட்டியில் பாதி வாசகம்தான் வருகிறது; அதை அப்படியே சேமித்தால் பழைய முழு வாசகம் அழிந்துவிடும். இதற்கு ‘கடையிழப்பு’. சேமிக்கும் பொத்தானுக்கு மேலே ‘கடையிழப்பு நேரும், சேமிக்கவா?’ என்று கேட்டால் யாருக்கும் புரியும். கடைக்குறைக்குப் பக்கத்தில் ‘முழுதும் காண்க’ போதும். ‘விரி’ வேண்டாம், கட்டத்தைப் பெரிதாக்குவது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

‘கடை’ என்றால் மளிகைக்கடை என்று நினைப்பார்களே என்று ஒரு மடல் வந்தது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைமடைக்கு, அதாவது கால்வாயின் கடைசிப் பகுதிக்கு, வந்து சேரவில்லை என்று பேசுகிற நாஞ்சில்நாட்டு விவசாயி எவரும் அப்படி நினைக்க மாட்டார். ‘முறி’ என்று இன்னொருவர் சொன்னது எனக்கும் பிடித்திருந்தது. தேங்காய் முறி என்றாலே மறுபாதி எங்கோ இருக்கிறது என்ற நினைப்பு வரும். ஆனால் நம் பக்கம் முறி என்றால் அறையும்தான். மாவட்டம் தாண்டினால் குழப்பம்.

‘வே’ என்று முடியும் திரையின் படத்தை இணைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.