‘ஏர்ன்டு ரன்’: ஈட்டிய ஓட்டமா, பொறுப்பு ஓட்டமா?

நண்பர்களுக்கு வணக்கம். பேஸ்பாலில் ‘ஏர்ன்டு ரன்’ (earned run) என்பது பிட்சர், அதாவது பந்தெறிபவர், பொறுப்பில் எழுதப்படும் ஓட்டம்; அப்படி எழுதப்படாதது ‘அன்ஏர்ன்டு ரன்’. இவற்றுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நண்பர்கள் சொன்ன யோசனைகளும் என் பதில்களும் கீழே.

> ‘ஈட்டிய ஓட்டம்’ என்றே வைத்துவிடலாமே, சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

அதுதான் சிக்கலே. ஈட்டியது ஒரு அணி, கணக்கு எழுதுவதோ எதிரணி பிட்சர் பெயரில். ஒரு பழைய ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் விளங்கும்.

1917 மே 2, சிகாகோ வீக்மன் பார்க், அதாவது இன்றைய ரிக்லி ஃபீல்டு. சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்குப் பிட்சர் ஃபிரெட் டோனி, சிகாகோ கப்ஸ் அணிக்கு ஹிப்போ வான். ஒன்பது இன்னிங்ஸ் முடியும்வரை இரண்டு பக்கமும் ஒரு ஹிட்கூட (அடித்த ஆளைப் பேஸில் சேர்க்கும் அடி) இல்லை. பத்தாவதில், ஒருவர் அவுட்டான பின், ரெட்ஸின் லாரி காஃப் ஒரு ஹிட் அடித்து முதல் பேஸுக்குப் போய்விட்டார் (மூன்று பேஸ்களையும் தாண்டி ஹோமுக்கு வந்தால் ஒரு ஓட்டம்). அடுத்தவர் அவுட். மூன்றாவதும் விழுந்து இன்னிங்ஸ் முடிந்திருக்க வேண்டியதுதான், ஹால் சேஸ் தூக்கி அடித்த பந்து கப்ஸின் சை வில்லியம்ஸ் கைக்கே போனது, அவர் கோட்டை விட்டார். காஃப் மூன்றாம் பேஸுக்கு வந்துவிட்டார். அப்புறம் ஜிம் தோர்ப் (1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய அதே தோர்ப்) மெதுவாக உருட்டிவிட்ட பந்தை வானே எடுத்து ஹோமுக்கு எறிந்தும் பயனில்லை. காஃப் ஓட்டத்தை முடித்துவிட்டார். ரெட்ஸுக்கு 1-0 வெற்றி.

கணக்குப்படி வானுக்கு நேரே ஓட்டம் 1, ஏர்ன்டு ரன் 0. கேட்ச் பிடித்திருந்தால் இன்னிங்ஸ் அங்கேயே முடிந்திருக்கும், அதனால் அணிக்கு ஓட்டம் உண்டு, வான் தலையில் இல்லை. இதை ‘ஈட்டாத ஓட்டம்’ என்று எழுதினால், காஃப் என்ன ஓசியிலா ஓடி வந்தார் என்று படிப்பவர் கேட்பார்.

நம்மிடம் சொல் கைவசம் இல்லாததற்குக் காரணம் கிரிக்கெட். அங்கே ஸ்லிப்பில் கேட்ச் விட்டால், அதன்பின் அந்த ஆள் அடிக்கிற அத்தனையும் பந்துவீச்சாளர் கணக்கில்தான். பை, லெக் பை மட்டும் தப்பி உதிரியில் சேரும்.

> அப்படியானால் அன்ஏர்ன்டு ரன்னுக்கு ‘உதிரி ஓட்டம்’ போதாதா?

போதாது. உதிரி என்பது மட்டையாளர் கணக்கில் சேராதது, இது பிட்சர் கணக்கில் சேராதது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் குழப்பம்தான்.

> ‘பிழைவழி ஓட்டம்’?

கேட்க நன்றாக இருக்கிறது, முதலில் நானும் இதைத்தான் குறித்து வைத்திருந்தேன். ஆனால் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பிட்சரின் பந்தைப் பிடிப்பவர்) பிடித்திருக்க வேண்டிய பந்து நழுவிப்போனால் அது ஏட்டில் பிழையாக ஏறுவதில்லை, ஆனாலும் அதனால் மட்டுமே வந்த ஓட்டம் பிட்சரைச் சேராது. மாறாக, பிட்சரே நாலு பந்தைத் தப்பாகப் போட்டு முதல் பேஸுக்கு நடக்கவிட்ட ஆள் சுற்றி வந்தால் அது அவர் தலையில் விடியும். ஆக, அளவுகோல் பிழை இல்லை, பொறுப்பு.

என் பரிந்துரை ‘பொறுப்பு ஓட்டம்’. எதிர்ச்சொல்லாகப் ‘பொறுப்பில்லா ஓட்டம்’ என்றால் வீட்டில் பிள்ளையைத் திட்டுவது போல இருக்கிறது. வரிவிலக்கு என்கிறோமே, அந்த வழியில் ‘விலக்கு ஓட்டம்’ எனலாம். அமெரிக்க பேஸ்பாலின் நேஷனல் லீக் 1912இலும் அமெரிக்கன் லீக் 1913இலும் அதிகாரப்பூர்வக் கணக்கில் சேர்த்த சராசரிக்குப் ‘பொறுப்பு ஓட்டச் சராசரி’: பொறுப்பு ஓட்டங்களை ஒன்பதால் பெருக்கி, எறிந்த இன்னிங்ஸால் வகுப்பது. சுருக்கினால் பொ.ஓ.ச., அட்டவணையில் அடங்கிவிடும்.

வேறு சொல் இருந்தால் எழுதுங்கள், ஆனால் வானின் வரியில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்: ஓட்டம் 1, பொ.ஓ. 0.