அப்பாவின் பயாப்ஸி பிளாக்கில் எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) சோதனை எங்கே செய்யலாம்?

அப்பாவுக்கு 61 வயது, மதுரை. பீடி, குடி எதுவும் கிடையாது. மார்ச்சில் சவரம் செய்யும்போது இடது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி கையில் தட்டுப்பட்டது, வலியே இல்லை. இரண்டு வாரம் ஆன்டிபயாடிக், அப்புறம் ஊசி வைத்து எடுத்த சோதனை, கடைசியில் டான்சிலில் பயாப்ஸி: ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற புற்றுநோய்.

எச்பிவியால் வந்த புற்றுநோயில் பி16 என்ற புரதம் கூடுமாம்; அதற்கான சாயம் 50 சதவீத செல்களில்தான் ஏறியிருக்கிறது. 70 சதவீதமாவது, அதுவும் நியூக்ளியஸ், சைட்டோபிளாசம் இரண்டிலும் அழுத்தமாக ஏறினால்தான் பாசிட்டிவாம். வேறு லேபில் மறுபடி பார்த்தும் அதே 50. எச்பிவியால் வந்ததா என்று தெரிந்தால்தான் நோய் எப்படிப் போகும் என்று சரியாகச் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

இங்கே நான்கு லேபில் கேட்டுவிட்டேன், எல்லோரும் கர்ப்பப்பை வாய் சோதனையையே சொல்கிறார்கள். பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்த பயாப்ஸி திசு) என் கையில் இருக்கிறது. அதில் எச்பிவி டிஎன்ஏ அல்லது ஈ6/ஈ7 (அந்த வைரஸின் மரபணுக்கள்) எம்ஆர்என்ஏ சோதனை தமிழ்நாட்டில் எங்கே செய்கிறார்கள்?