லோடர் வாளி தானா இறங்குது, பின்சில்லு கிளம்புது: சீல் மாத்தினால் சரிவருமா?

தம்பை வயல்காரன்:

வணக்கம் அண்ணாமார். மெசி 240 டிராக்டர், முன்சில்லு இழுக்காத சாதாரண மெசின். முன்னுக்கு லோடர் பூட்டியிருக்கு, வாளி கிட்டத்தட்ட 0.3 கன மீற்றர். வரம்பு கட்ட, எரு ஏத்த, போகம் இல்லாத காலத்தில் மணல், கிரவல் ஏத்தப் பாவிக்கிறது. பிரச்சினை மூன்று. ஈர மணல் அள்ளித் திருப்பினால் ஒரு பின்சில்லு நிலத்தை விட்டுக் கிளம்புது. வாளியைத் தூக்கி வைத்து மெசினை நிப்பாட்டினால், தேத்தண்ணி குடித்து முடிக்க முதல் வாளி நிலத்துக்கு வந்திடும். ஸ்டியரிங் கல்லு மாதிரி. நாலு சிலிண்டருக்கும் சீல் மாத்தச் சொல்லுறார்கள் கராஜில். மாத்தினால் எல்லாம் சரிவருமா? கிறீஸ் எத்தனை நாளைக்கு ஒருக்கா அடிக்கவேணும்?

கொட்டியாரன்:

தம்பி, சீலைத் தொட முதல் பாரத்தைப் பாருங்கோ. சில்லு கிளம்புறதும் ஸ்டியரிங் இறுகுறதும் ஒரே வருத்தம்தான்.

0.3 கன மீற்றர் வாளியில் காய்ந்த மணல் 480 கிலோ வரும். ஈர மணல் என்றால் 570. காய்ந்த எரு அதில் பாதிகூட வராது. அதனால்தான் எரு அள்ளும்போது ஒன்றும் தெரியாது, மணலுக்குப் போனதும் மெசின் ஆடும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையில் 2 மீற்றர், வாளிப் பாரம் முன்னச்சுக்கு 1.8 மீற்றர் முன்னால் என்று வைத்துக் கணக்குப் பாருங்கோ. 570 கிலோ மணலுக்கு முன்னச்சில் கூடுற பாரம் 570 இல்லை, 1,080 கிலோ. மிச்ச 510 பின்சில்லில் இருந்து களவு போகுது. வாளியின் இரும்பையும் அதைத் தூக்குற லோடர்க் கையின் இரும்பையும் இதில் சேர்க்கவேயில்லை. சிறிய முன்சில்லும் அதன் பெயரிங்கும் இந்தப் பாரத்துக்குச் செய்தவை இல்லை.

மருந்து பின்னுக்கு இருக்கு. 200 லீற்றர் பழைய எண்ணெய்ப் பரல் ஒன்றில் கொங்கிறீற் நிரப்பினால் 480 கிலோவுக்குக் கிட்ட வரும். கொங்கிறீற் போட முதலே குறுக்கே ஒரு தடித்த இரும்புத் தண்டும், மேல் இணைப்புக்கு ஒரு காதும் வைத்து வெல்டிங் பண்ணிவிட்டு, மூன்று முனை இணைப்பில் பூட்டுங்கோ. பின்னச்சுக்கு 0.9 மீற்றர் பின்னால் அது நின்றால் பின்சில்லுக்கு 700 கிலோ கூடும், முன்னச்சில் இருந்து 215 கிலோ குறையும். ரயருக்குள் தண்ணி விடுறதும் நல்லதுதான். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, தண்ணி வால்வு மட்டத்துக்கு வரும்வரை விட்டால் முக்கால் பங்கு. 13.6-28 ரயருக்கு ஏறத்தாழ 200 லீற்றர் பிடிக்கும். எங்கட ஊரில் தண்ணி உறையாது, உப்புக் கலக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கோ: ரயர்த் தண்ணி மெசினைக் கவிழவிடாது, முன்னச்சின் பாரத்தை ஒரு கிலோகூடக் குறைக்காது. பரல்தான் குறைக்கும். முதல் பரல், பிறகு தண்ணி.

முன்சில்லு 6.00-16 என்றால் 7.50-16, 8 பிளைக்கு மாத்துங்கோ. காற்று, ரயரின் பக்கத்தில் அச்சடித்த உச்ச அளவு. நிக்கிற மெசினில் ஸ்டியரிங்கைத் திருக வேண்டாம், கொஞ்சம் உருளவிட்டுத் திருப்புங்கோ. மணல் அள்ளுற காலத்தில் கிழமைக்கு ஒருக்கா முன்னச்சை ஜக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கோ. வாளியை நிலத்தில் ஊன்றி முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு அடியில் கை வைக்கிற பழக்கம் கனபேருக்கு இருக்கு. உங்கட வாளி எப்படி இறங்குது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கடைசியா, லோடரின் சட்டம் எங்கே பூட்டியிருக்கு என்று குனிந்து பாருங்கோ. இந்த மெசினுக்குத் தனிச் சேசி இல்லை. எஞ்சின், கிளச் வீடு, கியர்ப் பெட்டி மூன்றையும் போல்டால் கோர்த்ததுதான் முதுகெலும்பு. சட்டம் எஞ்சினோடு நின்றால், ஒவ்வொரு வாளிக்கும் அந்த மூட்டு முறுகும். போல்ட் தளரும், ஒயில் கசியும், பிறகு வார்ப்பு வெடிக்கும். சட்டத்தின் கை பின்னச்சு வரைக்கும் போகவேணும். போல்ட் எல்லாம் 8.8 தரம். எம் 16 என்றால் 200 நியூட்டன் மீற்றருக்குக் கிட்ட இறுக்கம். பூட்டி 10 மணித்தியாலத்தில் ஒருக்கா, பிறகு 50 மணித்தியாலத்துக்கு ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ.

கிண்ணியா ஹைட்ரோலிக்:

பாரத்தைப் பற்றி அண்ணன் சொன்னது சரி. வாளி இறங்குறதுக்கு வாறன். நாலு சீலுக்கும் காசு குடுக்க முதல் இதை வாசியுங்கள்.

பிஸ்டன் சீல் தேய்ந்தால் ஒயில் அடிப்பக்கத்தில் இருந்து தண்டுப்பக்கத்துக்குப் போகும். ஆனால் கையின் பாரத்தில் தண்டு உள்ளே இறங்கவேணும் என்றால், அந்தத் தண்டின் கன அளவுக்குச் சமமான ஒயில் சிலிண்டரை விட்டு வெளியே போயாகவேணும். இரண்டு வாயும் இறுக்க மூடியிருந்தால் அது போக வழியில்லை. சீல் முழுக்கப் போயிருந்தாலும் வாளி நிக்கும். வாளி இறங்குது என்றால் ஒயில் எங்கேயோ தொட்டிக்குத் திரும்புது. கனதரம் அது லீவர் வால்வுக்குள்ள ஸ்பூல் (ஒயிலின் வழியைத் திறந்து மூடுற உருளைத் தண்டு) தேய்ந்ததால்தான். சீலும் தேய்ந்திருந்தால் வால்வுக்குப் போகும் அழுத்தம் கூடி, இன்னும் கெதியா இறங்கும். அவ்வளவுதான். ஹோஸின் மணல் பட்ட விரைவு இணைப்பைத் துடைக்காமல் பூட்டினால் அந்த மணல் நேரே போய்க் கீறுற இடம் ஸ்பூல். புது வால்வு போட்டாலும் அழுக்கு இணைப்போடு ஒரு வருசம் நில்லாது.

வாளியைச் சரிக்கிற சிலிண்டரின் சீலை வீட்டிலேயே சோதிக்கலாம். வாளியை நிலத்தில் வைத்து, முழுக்கப் பின்னுக்கு மடக்குங்கள். மெசினை நிப்பாட்டி, லீவரை எல்லாப் பக்கமும் ஆட்டி அழுத்தத்தை இறக்குங்கள். அடிப்பக்க ஹோஸைக் கழட்டி, ஹோஸின் வாயை மூடியால் அடைத்துவிடுங்கள். ஒருவர் மெசினில் இருந்து மெதுவாக மடக்கும் பக்கம் லீவரைப் பிடிக்க, மற்றவர் சிலிண்டரின் வாய்க்கு நேரே நிக்காமல் பக்கத்தில் நின்று பார்க்கவேணும். முதலில் இரண்டு சொட்டு வரும், அது கணக்கில்லை. விடாமல் ஓடினால் சீல் போயிட்டுது. தூக்கும் சிலிண்டரை இப்படிச் சோதிக்க வேண்டாம். கையைப் பாரமாகத் தாங்குறது அதுதான், கழட்டிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

லீவரில் நாலாவது நிலை, மிதவை, இருக்குதா என்று பாருங்கள். முன்னுக்குத் தள்ளி 'டக்' என்று விழுகிற நிலை. நிலத்தைத் தடவிச் சமப்படுத்த மட்டும்தான் அது. தூக்கின வாளியோடு அதில் விழுந்தால் கை அப்படியே கீழே வரும்.

கசிவு தேடும்போது கையால் தடவவே கூடாது. லோடர் ஒயில் 150 பாரைத் தாண்டும். ஊசித்துளையால் வாற தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் சின்னப் புள்ளி, வலியும் இருக்காது, அதனால் வேலை தொடரும். உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். காட்போட் மட்டையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். கையில் பட்டால் தண்ணியால் கழுவிவிட்டு இருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுத்து உடனே திருகோணமலை ஆசுபத்திரிக்குப் போய், 'அழுத்தத்தில் ஒயில் உள்ளே ஏறியிருக்கு' என்று வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்கள். வெட்டித் துப்பரவாக்குற சிகிச்சை சில மணித்தியாலத்துக்குள் வேணும்.

தம்பை வயல்காரன்:

நன்றி காக்கா. ஒயில் கொஞ்சம் பால்த்தேத்தண்ணி நிறம். அது வெயிலுக்குச் சூடேறி வாற நிறம் என்று நினைத்தேன்.

கிண்ணியா ஹைட்ரோலிக்:

சூடேறின ஒயில் கறுக்கும், பால் நிறம் வராது. அது தண்ணி. இந்த வகை மெசினில் கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில். உள்பம்ப் பின்பெட்டிக்குள் அந்த ஒயிலில்தான் மூழ்கிக் கிடக்கு. சேற்றுழவில் அச்சுச் சீலால் உள்ளே போற தண்ணி, அடுத்த மாதம் லோடர் பம்பையும் வால்வையும் தின்னும். வால்வு தேய்ந்த காரணமும் அதுவாக இருக்கலாம். புது வால்வு பூட்ட முதல் சீலைப் பாருங்கள், ஒயிலை முழுக்க வடித்து மாத்துங்கள், வடியை (ஃபில்டரை) கழுவுங்கள். பெரும்போக உழவு முடிஞ்சு மெசின் லோடருக்கு மாறுற நேரம், வடிகால் நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். மெசின் இரவு முழுக்க நிண்ட பிறகு, காலையில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண முதல். தண்ணி அடியில் தங்கியிருக்கும், முதலில் அதுதான் வரும்.

அளவு பார்க்கும்போது கை கீழே, வாளி பின்னுக்கு மடங்கி, எல்லா சிலிண்டரும் உள்ளே இருக்கவேணும். தூக்கின கையோடு பார்த்து நிரப்பினால், இறக்கும்போது ஒயில் மூச்சுத்துளையால் பொங்கும்.

உள்பம்பில் ஓடுற லோடர் என்றால் கிளச்சை முழுக்க மிதித்தவுடன் வாளியும் நிண்டுவிடும், அது பழுதில்லை. இரட்டைக் கிளச் என்றால் பாதி மிதித்துப் பழகுங்கள். மணல்தான் முழுநேர வேலை என்றால் தனிப் பம்ப் பூட்டுறதுதான் நல்லது.

உப்பாற்றுக்காரி:

கிறீஸ் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. 8 முதல் 10 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, அதாவது வேலை நாள் எல்லாம். வாளி நிலத்தில் இருக்கவேணும், மூட்டைக் கோர்க்கிற பின்னில் (இரும்பு ஆணியில்) பாரம் இருந்தால் கிறீஸ் ஒரு பக்கம்தான் போகும். பழைய கறுப்பு வெளியே வந்து புதுசு எட்டிப் பார்க்கும்வரை பம்ப் பண்ணுங்கோ. அதிகம் தேயிறது வாளியடிப் பின்கள், மணலுக்குள் புதையிறதும் அவைதான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கிறீஸ் நிப்பிளைத் துணியால் துடைக்காமல் கிறீஸ் துப்பாக்கியை வைத்தால் தூசியைத்தான் உள்ளே ஏத்துறீங்கள்.

நிலாவெளி, குச்சவெளி, எங்கட கரை எல்லாம் உப்புக் காற்று. சிலிண்டர்த் தண்டு வெளியே நீண்டபடி ஒரு மாதம் நிண்டால் பளபளப்பில் குருணி குருணியாகத் துரு பிடிக்கும். பிறகு அந்தக் குருணி ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சீலை அரத்தால் ராவுற மாதிரி. சும்மா நிக்கும் மெசினின் தண்டுகளை இயன்றளவு உள்ளே இழுத்துவிட்டு, வெளியே நிக்கிற பகுதிக்கு மெல்லிசாகக் கிறீஸ் பூசுங்கோ. திரும்பவும் ஓட்ட முதல் அதைத் துடைத்தெடுக்கவேணும், இல்லாவிட்டால் மணல் ஒட்டும்.

வாளியை முழுக்கக் கவிழ்த்து வைத்துப் பின்னுக்கு இழுத்து மண் சமப்படுத்துறவர்களும் இருக்கினம். நீண்டு நிக்கும் தண்டு வளையிறது அதில்தான். வாளியின் ஒரு மூலையால் கிரவல் மேட்டைக் குத்துறது கையை முறுக்கும்.

தம்பை வயல்காரன்:

இன்னொன்று. திருவிழாப் பந்தல் கட்ட, மாங்காய் ஆய, வாளிக்குள் ஆளை ஏத்தித் தூக்குறது ஊரில் வழமை. மெதுவாகத் தூக்கினால் பிழையா?

கொட்டியாரன்:

பிழை. மெதுவும் வேகமும் இதில் கணக்கில்லை. ஹோஸ் ஒன்று வெடித்தால் கையைத் தாங்க வேறொன்றும் இல்லை, அதோடு உங்கட வால்வு ஏற்கெனவே இறக்குது. ஏணி வையுங்கோ. மட்கார்ட்டில் ஆள் இருந்து வாறதும் நிக்கவேணும். லோடர் மெசின் கவிழ்றது பக்கவாட்டில், மட்கார்ட்டில் இருப்பவர் விழுற பக்கத்தில்தான் பெரிய சில்லும் வரும். கவிழ்வுச் சட்டம் இருந்தால் இருக்கைப் பட்டியைப் போடுங்கோ. சட்டம் இல்லாத மெசினில் பட்டி போடக்கூடாது.

தென்னங்குற்றி, பனங்குற்றி தூக்குறவர்களுக்கு வேறொரு ஆபத்து. வாளியைச் சமமாக வைத்திருக்கும் இணைப்பு உங்கட வகையில் இல்லாவிட்டால், கை உயர உயர வாளி பின்னுக்கு மடங்கும். குற்றி கை வழியே உருண்டு ஓட்டுறவரின் மடிக்கு வரும். உயர்த்த உயர்த்த வாளியை முன்னுக்கு விட்டுக்கொண்டே போகவேணும். குற்றியைச் சங்கிலியால் கட்டுங்கோ, அல்லது வாளியால் தூக்காதீங்கோ.

பாரத்தோடு போகும்போது வாளி நிலத்துக்கு ஒரு முழத்துக்குள். சரிவில் ஏறும்போது முன்னுக்கு, இறங்கும்போது றிவேர்சில். வாளி எப்பவும் மேட்டுப் பக்கம். குளக்கட்டு, வாய்க்கால் கரையில் குறுக்கே ஓடவேண்டாம். பிரேக் பெடல் இரண்டையும் கொக்கியால் சேர்த்துவிடுங்கோ, வயலில் தனித்தனியாக மிதித்த பழக்கம் ரோட்டில் மெசினைச் சுழட்டிவிடும். மணல் மேட்டின் அடியைத் தோண்டித் தோண்டி மேலே தொங்கவிடவும் வேண்டாம், மேடு மெசின் மேல் சரியும்.

கையைத் தூக்கிக்கொண்டு மின்கம்பிக்குக் கீழே திரும்பவே வேண்டாம். கம்பி தொட்டிட்டுது என்றால் இருக்கையிலேயே இருந்து, வாளியை இறக்கி, மெசினை விலக்கப் பாருங்கோ. தீப்பிடித்தால் மட்டும் இறங்கலாம். இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, மெசினைத் தொடாமல், காலைப் பிரிக்காமல் தத்தித் தத்தி விலகவேணும். கால் அகன்றால் நிலத்தின் மின்சாரம் ஒரு காலால் ஏறி மற்றக் காலால் இறங்கும்.

தம்பை வயல்காரன்:

சரி அண்ணை. பரலுக்கு ஆள் சொல்லியாச்சு. நாளைக்குக் காலமை வடிகால் நட்டைத் தளர்த்திப் பார்த்து, எவ்வளவு தண்ணி வருது என்று இங்கேயே போடுறன்.