கலித்தொகையைப் பாடியவர் ஒருவரா, ஐவரா? கணினி சொல்லுமா?

எண்ணும்எழுத்தும்:
சங்க நூலான கலித்தொகையில் ஐந்து திணைக்கு ஐந்து பகுதி. பாலைக்குப் பெருங்கடுங்கோ, குறிஞ்சிக்குக் கபிலர், மருதத்துக்கு மருதனிளநாகன், முல்லைக்கு நல்லுருத்திரன், நெய்தலுக்கு நல்லந்துவன் என்று ஐந்து பேரைச் சொல்கிறது பழைய வெண்பா ஒன்று. ஆனால் 1887இல் சி.வை. தாமோதரம் பிள்ளை அச்சிட்டபோது நூலின் பெயரே ‘நல்லந்துவனார் கலித்தொகை’. ஒருவர்தான் பாடினார் என்போர் இன்றும் உண்டு. இதைக் கணினியிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறேன். அமெரிக்காவின் அரசியல் சட்டத்தை ஆதரித்துப் புனைபெயரில் வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் 85இல் 12 கட்டுரைகளை எழுதியவர் ஹாமில்டனா மாடிசனா என்ற வழக்கு நெடுநாள் இருந்தது. 1964இல் புள்ளியியலாளர்கள் மோஸ்டெல்லரும் வாலஸும் ‘அப்பான்’ (upon) போன்ற சின்னச் சொற்களை எண்ணி, மாடிசன் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தச் சொல் ஹாமில்டனிடம் அடிக்கடி வரும், மாடிசனிடம் அரிது. நமக்கு ‘யானும் நீயும்’ என்பதில் வரும் ‘உம்’ இருக்கிறதே!

ஏட்டுப்பிரியன்:
ஐயா, நம் பாட்டில் சொல் எங்கே முடிகிறது என்பதே முதல் சிக்கல். குறுந்தொகை 40ஐ எடுங்கள். சொல்லாகப் பிரிக்காமல் யாப்பின் சீராகப் பிரித்த பதிப்பில் ‘யாரா கியரோ’, ‘தாங்கலந் தனவே’ என்று இருக்கும். கணினி ‘கியரோ’வையும் ‘தனவே’யையும் தனிச் சொல்லாக எண்ணிவிடும். யாயும் ஞாயும், எந்தையும் நுந்தையும், யானும் நீயும் என்று அதில் ‘உம்’ ஆறு. ஆனால் ‘அறிதும்’ என்பதையும் சேர்த்து இயந்திரம் ஏழு என்னும். அது ‘அறிந்தோம்’ என்ற பொருளில் வரும் வினைமுற்று. பிரிப்பது என்றாலே உரை சொல்வதுதான். அந்த வேலையை எண்ணிக்கையிடம் விட முடியாது.

எண்ணும்எழுத்தும்:
சரி, பிரிப்பதைப் புலவர்கள் செய்யட்டும், எண்ணுவதை மட்டும் இயந்திரம் செய்யட்டும். கபிலரின் மற்றப் பாடல்களோடு ஒப்பிடவும் வேண்டாம். அவை அகவல், இது கலிப்பா. யாப்பு மாறினால் நடையும் மாறும். கலித்தொகைக்குள்ளேயே ஐந்து பகுதிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போம். யாப்பு ஒன்று, நூல் ஒன்று.

முல்லைக்கொடி:
யாப்பு ஒன்றுதான் அண்ணா, திணை ஒன்றில்லையே. முல்லைக்கலியில் ஏறு தழுவ வரும் பொதுவர் (ஆயர்) தலையில் சூடிய கண்ணியை, அந்தப் பூமாலையைப் பாருங்கள் (பாட்டு 103). கொன்றையும் காயாவும் வெட்சியும் பிடவும் தளவும் குல்லையும் குருந்தும் கோடலும் பாங்கரும் என்று ஒரே மூச்சில் ஒன்பது பூ, ஒன்பது ‘உம்’. அந்த ‘உம்’ நல்லுருத்திரனின் கைப்பழக்கமா, அந்தக் காட்டில் பூத்ததா? வகுப்பில் இதை வாய்விட்டுப் படிக்கும்போது பிள்ளைகள் தாங்களாகவே தாளம் போடுவார்கள். அதை அட்டவணையில் ஒரு எண்ணாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

எண்ணும்எழுத்தும்:
நீங்கள் காட்டியது என் முறையில் இருந்த ஓட்டைதான் அம்மா. பட்டியலில் அடுக்கி வரும் ‘உம்’மைத் தள்ளிவிடுகிறேன். ‘மன்’, ‘கொல்’, ‘ஓ’ போன்ற இடைச்சொற்களை வைத்துக்கொள்கிறேன். அவற்றைப் பூவும் மாடும் அவ்வளவாக இழுக்காது.

ஏட்டுப்பிரியன்:
‘கொல்’ ஐயத்தில் வருவது. பிரிவில் புலம்புகிறவளுக்கு ஐயம் கூடத்தானே செய்யும்? அப்புறம் அது நெய்தலின் குரலா, நல்லந்துவனின் குரலா? ஐவர் என்றே நான் இன்னும் நம்புகிறேன். ஆனாலும் நெய்தற்கலி 33 பாட்டையும் நானே சொல் பிரித்து அனுப்புகிறேன். பாடபேதம் உள்ள இடத்தில், அதாவது ஏட்டுக்கு ஏடு சொல் மாறும் இடத்தில், இரண்டையும் தருவேன். இரண்டு விதமாகவும் எண்ணிப் பாருங்கள். விடை மாறினால் அதையும் இங்கேயே எழுதுங்கள்.