மே மாதம் பிள்ளைகளுக்கு முகாம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

கானாடுகாத்தான் பையன்:
நாங்கள் நண்பர்கள் ஆறு பேர். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு லீவில் பத்து நாள் முகாம் நடத்த ஆசை. தெரிந்த ஆச்சி ஒருவர் பூட்டிக் கிடக்கும் தன் வீட்டு வளவை, அதாவது நடு முற்றத்தை, தருகிறேன் என்கிறார். என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

தேவகோட்டை டீச்சர்:
அதை விடுங்கள் தம்பி, முதலில் சாப்பாடு. பள்ளி இருந்தால் மதியம் சத்துணவு உண்டு, லீவு விட்டால் அதுவும் இல்லை. முதல் வருஷம் நாங்கள் கலர் பென்சிலோடு போனோம், பதினொரு மணிக்கே பாதிப் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து தூங்குகிறார்கள், விசாரித்தால் காலையில் வெறும் டீ. மறுநாள் கம்பங்கூழும் மோர் மிளகாயும் வைத்த பிறகுதான் முகாமே ஆரம்பித்தது!

கொட்டான்:
ஒருநாள் தரை டைல்ஸ் செய்யும் ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் சிமென்ட் ஊற்றுவதைப் பார்க்கட்டும். கண்ணாடியை எடுத்ததும் பளபளவென்று பூ தெரியும், வாயைப் பிளப்பார்கள். பனை ஓலை கொட்டான் (சின்னக் கூடை) முடைய ஊரிலேயே ஒரு பாட்டியைப் பிடியுங்கள்.

பள்ளத்தூர் அண்ணன்:
பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். எந்தப் பிள்ளையோடும் தொண்டர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது, இதில் தயவுதாட்சண்யம் வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். அப்புறம், பழைய வீடென்றால் பின்கட்டில் கிணறு இருக்குமே, மூடியிருக்கிறதா?

கானாடுகாத்தான் பையன்:
ஐயோ, இருக்கிறது அண்ணே, திறந்துதான் கிடக்கிறது. நாளைக்கே கம்பி வலை போடச் சொல்கிறேன்.